கூரை தேடிய வண்டிகள்: டிராம் அருங்காட்சியகங்களில் தன்னார்வலர்களின் மீட்புப் பணி, 1939 முதல்

1939-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிட்டிஃபோர்டு, சாக்கோ என்ற இரட்டை நகரங்களில் ஓடிவந்த டிராம் நின்றது. அதன் இடத்துக்குப் பேருந்து வந்தது. அந்தத் தடத்தின் மேல் பற்றுக் கொண்ட இளைஞர்கள் சிலர் கைக்காசைச் சேர்த்து 150 டாலருக்கு ஒரு வண்டியை வாங்கினார்கள். அதன் எண் 31. 1900-இல் பிலடெல்பியாவின் ஜே. ஜி. பிரில் நிறுவனம் கட்டிய வண்டி அது. பக்கச் சுவரில்லாத கோடைக்கால வண்டி. குறுக்கே நீளநீளமான பெஞ்சுகள். நடத்துநர் வெளிப்புறப் படிப்பலகையில் நடந்தபடியே சீட்டுக் கொடுப்பார். வாங்கியாயிற்று, எங்கே நிறுத்துவது? பக்கத்துக் கென்னபங்க்போர்ட்டில் கிடைத்த நிலத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். அங்கே தண்டவாளம் இல்லை, மின்சாரம் இல்லை, கொட்டகையும் இல்லை. இன்று சீஷோர் டிராம் அருங்காட்சியகம் என்று அறியப்படும் நிறுவனத்தின் பிறப்பு இதுதான். பொதுப் போக்குவரத்து வண்டிகளைக் காப்பதற்கென்றே தன்னார்வலர்கள் தொடங்கிய அருங்காட்சியகங்களில் இதுவே மூத்தது.

இந்த இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரையும் சாயத்தையும், மீட்ட வண்டி முதன்முதலில் ஓடிய நாளையும் எழுதுகிறார்கள். அவை முக்கியமானவைதாம். ஆனால் எண்பது ஆண்டுக் காலத்தை ஒருசேரப் பார்க்கும்போது, ஒரு வண்டி பிழைக்குமா அழியுமா என்பதைப் பல இடங்களில் தீர்மானித்தது பட்டறைத் திறமை அன்று, கூரைதான் என்று எனக்குப் படுகிறது. வாங்கும் வேகத்துக்குக் கொட்டகை கட்டும் வேகம் ஒருபோதும் ஈடுகொடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த இயக்கத்தின் வெற்றியும் இழப்பும் அடங்கியிருக்கின்றன. அந்தச் சரட்டைப் பிடித்துக்கொண்டு சில அருங்காட்சியகங்களின் கதையை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

கோழிக்கூடாகிப் பிழைத்தவை

டிராம் கம்பெனி ஒன்று மூடப்பட்டால் அதன் வண்டிகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நெருப்பு. மர உடலைக் கொளுத்திவிட்டு, சாம்பலில் கிடக்கும் இரும்பையும் செம்பையும் பொறுக்கி விற்பது அன்றைய வழக்கம். மற்றொன்று, சக்கரங்களையும் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு வெறும் உடலை மட்டும் விற்பது. அப்படி வாங்கப்பட்ட உடல்கள் கோழிக்கூடாயின. தோட்டத்துக் கருவிகள் வைக்கும் அறையாயின. ஏரிக்கரையில் விடுமுறைக் குடிலாயின. சில, சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளாயின. பிரிட்டனில் ரயில் பெட்டிகளுக்கும் இதே கதிதான். வைட் தீவில் கழித்துக் கட்டிய நாலுசக்கரப் பெட்டிகளின் உடல்கள் கடலோர வீடுகளாக விற்கப்பட்டன. அவற்றுள் சில பல பத்தாண்டுகள் கழித்து அத்தீவின் நீராவி ரயில்வேக்குத் திரும்பி வந்தன. அங்குள்ள தன்னார்வலர்கள் பழைய சரக்கு வேன்களின் அடிச்சட்டங்களை நீளம் குறைத்து, அவற்றின்மேல் இந்த உடல்களை ஏற்றி மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள்.

மீட்பவரின் கண்ணுக்கு இது சொல்லும் செய்தி ஆழமானது. வீடாக மாறிய பெட்டியின்மேல் குடியிருந்தவர் தகரக் கூரை போட்டார். பக்கவாட்டில் ஒரு தாழ்வாரம் இறக்கினார். மழை உள்ளே வந்தால் தன் படுக்கை நனையும் என்பதால் ஆண்டுதோறும் ஒழுக்கை அடைத்தார். பாதுகாக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. ஆனாலும் அவர் கூரைக்குள் இருந்த தேக்கும் மகோகனியும் வார்னிஷ் மங்காமல் இருந்தன. அருங்காட்சியகம் ஆசையோடு வாங்கி வெட்டவெளியில் நிறுத்திய வண்டியைவிட, ஒரு குடும்பம் குடியிருந்த வண்டி நல்ல நிலையில் கைக்கு வந்ததுண்டு.

மழை செய்யும் வேலை

மரவண்டி அழியும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தன்னார்வலர்களின் உழைப்பில் பெரும்பகுதி போவது இங்கேதான்.

பழைய டிராம் வண்டியின் மேற்கூரை பலகைகளை நாக்கும் காடியுமாகச் சேர்த்து அமைத்தது. அதன்மேல் ஈய வெள்ளைச் சாயத்தைக் கெட்டியாகப் பூசி, ஈரம் காயுமுன் கித்தானை விரித்து இழுத்து, ஓரமெங்கும் சிற்றாணிகளால் அறைவார்கள். மேலே பல பூச்சுச் சாயம். கித்தான் முழுசாக இருக்கும்வரை கூரைக்கு ஆபத்தில்லை. வெயிலில் சாயம் வெடித்து, கித்தானில் ஒரு விரற்கடைக் கிழிசல் விழுந்தால் போதும். கீழே இறங்கும் தண்ணீர் கூரைக்கும் சுவருக்கும் இடையே நீளவாட்டில் ஓடும் விட்டத்துக்குள் புகும். அங்கிருந்து சன்னல்களுக்கு நடுவிலுள்ள குத்துக்கால்கள் வழியே இறங்கும். கடைசியில் தரைமட்ட அடிச்சட்டத்தில் போய்த் தேங்கும். வெளியே இருந்து பார்த்தால் வண்டி பழையபடியே நிற்கும். சுவர்த் தகட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் குத்துக்காலின் அடி பொடியாகியிருப்பது தெரியும். மரத்தின்மேல் இரும்புத் தகடு போர்த்திய வண்டியானால் இரட்டைத் துன்பம்: ஈரமரம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்; துரு ஊதிப் பெருத்து மரத்தைப் பிளக்கும்.

எனவே ஒரு வண்டியைப் பிரிக்கும்போது, எந்தத் துண்டை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்ற தீர்ப்பை ஒவ்வொரு குத்துக்காலுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்பாதி நன்றாக இருந்தால் கீழ்ப்பாதியை மட்டும் அறுத்து, சாய்வு இணைப்புப் போட்டுப் புதுமரம் ஒட்டுவார்கள். முழுதும் போனால் பழையதை அச்சாக வைத்துப் புதிது செதுக்குவார்கள். அந்தப் பழைய துண்டை எறிந்துவிடக் கூடாது. ஆணித்துளை எங்கே, எந்தப் பக்கம் முதலில் சாயம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வண்டியின் தரைப்பலகைக்குக் கீழே வந்தால் வேறு உலகம். பெரும்பாலான அமெரிக்க டிராம்களின் மோட்டார்கள் 600 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. ஈரம் இறங்கினால், மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் காப்புச் சிதையும். பிறகு முழுக் காயிலையும் பிரித்துக் கட்ட வேண்டியதுதான். அச்சுத் தாங்கிகளில் ஈயமும் தகரமும் கலந்த பாபிட் உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைய வேண்டும். கடையில் கேட்டால் கிடைக்கிற உதிரிப் பாகம் எதுவும் கிடையாது. வார்ப்படம் வேண்டுமென்றால் மரத்தில் அச்சுச் செய்து வார்ப்பாலைக்குக் கொடுக்க வேண்டும். இந்தத் தொழில்களைச் செய்தவர்கள் டிராம் கம்பெனிகளோடு ஓய்வுபெற்றார்கள். சனிக்கிழமைகளில் வந்து வேலை செய்யும் ஆசிரியரும் மின்பொறியாளரும் கணக்கரும் மாணவரும் அவர்களிடமிருந்தும், பழைய பராமரிப்புக் கையேடுகளிலிருந்தும், வண்டியையே பிரித்துப் பார்த்தும் இவற்றைக் கற்றுக்கொண்டார்கள்.

தடம் முதலில், கொட்டகை பிறகு

சீஷோரைத் தொடர்ந்து 1945-இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிரான்ஃபோர்டு மின்ரயில் சங்கம் அமைந்தது. இங்கு வழி சற்று வேறு. ஈஸ்ட் ஹேவன் அருகே கடலோரச் சதுப்பு நிலத்தின் ஊடே போகும் தடத்தைக் கம்பெனி 1947-இல் கைவிட்டபோது, அதைத் தண்டவாளமும் கம்பியுமாக அப்படியே சங்கம் எடுத்துக்கொண்டது. 1900-இலிருந்து டிராம் ஓடிவரும் தடம் அது. ஓடும் தடம் கையில் இருந்ததால் வண்டிகள் வேகமாகச் சேர்ந்தன.

1953-இல் இலினாயில் பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு இண்டியானா ரயில்ரோடின் 65-ஆம் எண் வண்டியை வாங்கினார்கள். இன்றைய இலினாய் ரயில்வே அருங்காட்சியகம் அந்த ஆயிரம் டாலரிலிருந்து முளைத்தது. அதே 1953 ஏப்ரலில்தான் சென்னையில் டிராம் நின்றது. 1895-இல் மின்சார டிராமைக் கண்ட நம் நகரத்தில், கம்பெனி நொடித்துப்போய், வண்டிகள் கடைசியாக ஒருமுறை ஓடி ஓய்ந்தன. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே ஆண்டின் கீழ் எழுதும்போது கை ஒரு கணம் தயங்குகிறது.

இலினாய்க் குழு முதலில் நார்த் சிகாகோ என்ற ஊரில் ஒரு வார்ப்பாலையின் வளாகத்தில் வண்டிகளை நிறுத்தியிருந்தது. 1964-இல் யூனியன் என்ற சிற்றூருக்கு, எப்போதோ கைவிடப்பட்ட ஒரு மின்ரயில் பாதையின் மேட்டுக்கு, எல்லாவற்றையும் இடம்பெயர்த்தது. மக்காச்சோள வயல்கள் சூழ்ந்த சமவெளி. குளிர்காலத்தில் பனி கொட்டும் நாடு. முதலில் தண்டவாளம் போட்டார்கள், பிறகு கம்பி இழுத்தார்கள். கொட்டகைகள் 1970-களிலிருந்துதான் ஒவ்வொன்றாக எழுந்தன. அதற்குள் பல வண்டிகள் ஆண்டுக்கணக்கில் பனியிலும் மழையிலும் நின்றுவிட்டன.

இதைக் குற்றமாகச் சொல்வது நியாயமாகாது. அந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் டிராமை வரிசையாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. கொட்டகை கட்டியபின் வாங்கலாம் என்று காத்திருந்தவருக்கு வாங்க வண்டியே மிஞ்சியிருக்காது. அவர்கள் முன்னிருந்த தேர்வு, இன்று சாம்பலா இருபது ஆண்டு கழித்துப் பழுதா என்பதுதான். பழுதைத் தேர்ந்தார்கள். அதனால்தான் இன்று பிரித்துச் சீர்செய்ய ஏதாவது இருக்கிறது.

பத்துப் பவுண்டு வண்டியும் மம்பிள்ஸ் வண்டியும்

பிரிட்டனில் இதே காலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1948 ஆகஸ்டில் டிராம் ஆர்வலர்கள் சவுதாம்ப்டனில் ஒரு விடைபெறும் சுற்றுப் பயணம் போனார்கள். அவர்கள் ஏறிப்போன 45-ஆம் எண் வண்டி 1903-இல் கட்டியது, மேல்தளம் திறந்தது. அந்நகரத்தின் இடைக்கால வாயிலான பார்கேட்டின் வளைவுக்குள் நுழைந்து போக வேண்டியிருந்ததால், மேலே அமர்பவர்கள் வளைவின் நடு உயரத்துக்குக் கீழே முதுகோடு முதுகு சேர்த்து உட்காரும்படி இருக்கை அமைத்திருந்தார்கள். வண்டியைக் கழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பத்துப் பவுண்டுக்கு வாங்கிவிட்டார்கள். அந்த வண்டி இடம் மாறி மாறி நின்றது. சில ஆண்டுகள் பியூலியிலுள்ள மோட்டார் அருங்காட்சியகத்தில் கூரைக்குள் இருந்தது. இதற்கிடையே 1955-இல் டிராம்வே அருங்காட்சியகச் சங்கம் உருவாகி நிலம் தேடிக்கொண்டிருந்தது. 1959-இல் டெர்பிஷயரின் கிரிச் என்னும் ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. அந்தக் குவாரிக்கு ரயில் போட்டவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன். வேல்ஸின் டாலிலின் ரயில்வே 1951-இலிருந்து தன்னார்வலர்களால் நடந்துவந்தது. அவர்கள் கிரிச் குவாரியில் பயனற்றுக் கிடந்த தண்டவாளத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாகத்தான் இடத்தைப் பற்றிய தகவல் டிராம்காரர்களுக்கு வந்தது. ஒரு தன்னார்வக் குழுவின் பழைய இரும்பு வேட்டையிலிருந்து இன்னொரு குழுவுக்கு வீடு கிடைத்தது. கிரிச்சில் முதலில் 1963-இல் குதிரை இழுக்கும் டிராம் ஓடியது. மறு ஆண்டு மின்சார டிராம். இன்று அது தேசிய டிராம்வே அருங்காட்சியகம். 45-ஆம் வண்டியும் அங்கே இருக்கிறது.

மற்றது வேல்ஸின் சுவான்சீ–மம்பிள்ஸ் ரயில்வே. 1807-இலேயே கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிய தடம். உலகில் இதற்கு முந்தையது கிடையாது. 1929-இல் அங்கு வந்த 13 இரட்டைத்தள வண்டிகள் ஒவ்வொன்றிலும் 106 பேர் உட்காரலாம். பிரிட்டனில் ஓடிய மிகப் பெரிய டிராம்கள் இவை. 1960 ஜனவரியில் தடம் மூடப்பட்டது. ஒரு முழு வண்டியை மட்டும் லீட்ஸ் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அதே ஆண்டு ஜூனில் மிடில்டன் ரயில்வேயைத் தன்னார்வலர்கள் ஓட்டத் தொடங்கினார்கள். இயல்பான அகலப் பாதையில் தன்னார்வலர் நடத்திய முதல் பயணிகள் சேவை அது. அந்த முதல் பயணிகள் ஏறியது இந்த மம்பிள்ஸ் வண்டியில்தான். ஒரு சிறிய டீசல் எஞ்சின் அதை இழுத்துப் போனது. அதன்பின் வண்டி வெளியில் நின்றது. இரவில் காவல் இல்லை. கல்லெறிந்தார்கள், உடைத்தார்கள், கடைசியில் தீ வைத்தார்கள். அவ்விடத்தில் நிறுத்திவைத்திருந்த லீட்ஸ் நகர டிராம்கள் பலவும் இப்படியே போயின. 13 மம்பிள்ஸ் வண்டிகளில் இன்று மிஞ்சியிருப்பது வெட்டியெடுத்த ஒரு முன்முகம் மட்டும். அது சுவான்சீயில், கட்டிடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

கிரிச்காரர்களும் மிடில்டன்காரர்களும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவர்கள். ஒரே அளவு ஆசையும் உழைப்பும் கொண்டவர்கள். பட்டறைத் திறமையிலும் பெரிய வேறுபாடு இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒருவருக்குச் சுற்றுச்சுவர் போல் பாறை சூழ்ந்த குவாரியும், அதற்குள் வண்டிக் கொட்டகை கட்ட இடமும் வாய்த்தன. மற்றவருக்குக் கிடைத்தது நகரத்தின் விளிம்பில் வேலியில்லாத ஒரு பக்கத்தடம்.

எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

கூரைக்குள் வந்தபின் எழுகிற கேள்வி வேறு. நாற்பது ஆண்டு ஓடிய வண்டிக்கு நாற்பது ஆண்டு முகங்கள் உண்டு. கம்பெனிகள் சாயத்தை மாற்றின, கதவை மாற்றின, எண்ணை மாற்றின. இவற்றில் எது உண்மையான வண்டி?

இண்டியானா ரயில்ரோடு 1931-இல் வாங்கிய 35 இலகு அலுமினிய வண்டிகளில் இரண்டு இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கம்பெனி மூடப்பட்டபின் 65-ஆம் வண்டி அயோவாவுக்குப் போய் அங்கு 1953 வரை பயணிகளை ஏற்றியது. 55-ஆம் வண்டி 1941-இல் பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்குக் கம்பெனிக்குப் போய், 1030 என்ற எண்ணோடு ‘லிபர்ட்டி பெல்’ விரைவு வண்டியாக ஓடியது. இலினாயில் உள்ளவர்கள் 65-ஐ அதன் பிறந்தகத்துக்கே, இண்டியானாத் தோற்றத்துக்கே திருப்பினார்கள். சீஷோர் 55-ஐ 1030 ஆகவே, அதாவது புகுந்த வீட்டு உடையிலேயே, வைத்துக்கொண்டது. இரண்டு தீர்ப்பும் சரி என்பதே என் எண்ணம். ஒன்று வண்டி கட்டியவரின் நோக்கத்தைக் காட்டுகிறது. மற்றது அதில் ஏறி இறங்கிய மக்களின் நினைவைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து நிற்பதால்தான் ஆய்வாளருக்கு முழு வரலாறு கிடைக்கிறது. தொடக்கக்காலத் தன்னார்வலர்கள் பழைய சாயத்தைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பளபளப்பாக அடித்தார்கள். பின்வந்தவர்கள் மறைவான ஒரு மூலையில் உப்புத்தாள் கொண்டு வட்டமாகத் தேய்த்து, அடுக்கடுக்காகத் தெரியும் நிறங்களை வரிசைப்படுத்திப் படமெடுத்தபின்தான் தூரிகையைத் தொடுகிறார்கள். கைத்தொழில் ஆவணப் பணியாகவும் மாறியது இந்த இடத்தில்தான். 1980-இல் சீஷோரின் 31-ஆம் எண் வண்டி தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. 150 டாலர் சரக்கு என்ற நிலை போய்ச் சட்டத்தின் முன் அது ஒரு வரலாற்றுச் சான்றாயிற்று.

கொட்டகைக்கு வந்த சோதனை

கொட்டகை வந்தால் கவலை தீர்ந்தது என்று நம்ப இருபத்தோராம் நூற்றாண்டு இடம் கொடுக்கவில்லை.

2003 செப்டம்பர் 28 அன்று மேரிலாந்தின் தேசியத் தலைநகர் டிராலி அருங்காட்சியகத்தில் வண்டிக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளிருந்த எட்டு வண்டிகள் போயின. பல ஆண்டு உழைப்பு ஒரே தீயில் போனது. அத்தனை வண்டிகளையும் ஒரே கூரையின் கீழ் நெருக்கி நிறுத்தியதன் ஆபத்து அப்போது எல்லோருக்கும் உறைத்தது. தீத்தடுப்புச் சுவர், தெளிப்பான் குழாய், வண்டிகளைப் பிரித்து நிறுத்துவது போன்றவை மரவேலைக்கு இணையான கவலைகளாயின. வாஷிங்டனில் டிராம் 1962-இலேயே நின்றுவிட்டதால், எரிந்த அந்நகர வண்டிகளுக்கு ஈடு தேடுவது எளிதன்று.

2009-இல் வேறு வகைச் சோதனை. ஓஹாயோவில் தனியொருவர் ஆர்வத்தால் திரட்டிய டிராலிவில் சேகரிப்பு, கிளீவ்லண்ட் நகரத்தில் ஓர் அருங்காட்சியகமாக வளர முயன்று முடியாமல் ஏலத்துக்கு வந்தது. எழுபது ஆண்டுக்கு முன்னென்றால் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே ஓடிப்போய்த் தனக்குப் பிடித்த வண்டியை வாங்கியிருக்கும். இப்போது அருங்காட்சியகங்கள் பல ஒன்றுகூடி, ஒன்றோடொன்று போட்டியிடாமல், யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே பேசிப் பங்கிட்டு ஏலம் கேட்டன. சிகாகோவின் மேற்கே ஓடிய சிகாகோ, அரோரா அண்டு எல்ஜின் கம்பெனியின் வண்டிகள் பலவும் யூனியனுக்கு வந்தன. இந்த இயக்கம் முதிர்ச்சி அடைந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிரான்ஃபோர்டில் சோதனை தண்ணீராக வந்தது. டிராம் தடத்துக்கு அழகு சேர்த்த அதே உப்புச் சதுப்பு 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலோடு கொட்டகைகளுக்குள் ஏறியது. கூரைக்குச் சேதமில்லை, மேற்பூச்சும் கித்தானும் அப்படியே இருந்தன. வெள்ளம் நுழைந்தது கீழ்வழியாக, மோட்டார்கள் தொங்கும் மட்டத்துக்கு. உப்புநீர் பட்ட காயிலை உலர்த்தினால் மட்டும் போதாது. காப்புக்குள் உறைந்த உப்பு மின்சாரம் பாய்ந்ததும் தன் வேலையைக் காட்டும். மறு ஆண்டு அக்டோபரில் சாண்டி புயல் வந்தது. வண்டிகளை மேட்டில் கட்டும் கொட்டகைக்கு மாற்றுவது என்ற திட்டத்துக்குத் தன்னார்வலர்கள் நிதி திரட்டினார்கள். உயரமான நிலத்தில் புதுக் கொட்டகைகள் எழுந்தன. பழைய கொட்டகைகளிலிருந்து வண்டிகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியிலுள்ள சக்கரச் சட்டங்களை உருட்டி வெளியே எடுத்து, மோட்டார்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காயில் கட்ட அனுப்பினார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு மோட்டார், பெரிய வண்டிக்கு நான்கு.